ஆங்கிலச் செய்திகளின் வழியே சில்லறை வணிகச் சொற்களைக் கற்றல்: தமிழ் இலக்கண நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

கடை, விற்பனை, நுகர்வு ஆகியவை தொடர்பான ஆங்கிலச் சொற்களைத் தமிழ் மாணவர் பெரும்பாலும் சொற்பட்டியலின் துணைகொண்டே கற்கின்றனர். பட்டியல் ஒரு சொல்லுக்கு ஒரு பொருளைக் காட்டி நின்றுவிடுகிறது. அதே சொல் செய்தியில் வரும்போது வேறு பொருள் தருகிறது. சில இடங்களில் செயலுக்கு உரியவரை மறைத்தும் நிற்கிறது. ஆகவே இத்துறைச் சொற்களைச் செய்தித் தொடருக்குள் வைத்தே கற்க வேண்டும் என்பதும், அதற்குத் தேவையான பகுப்புக் கருவிகள் தமிழ் இலக்கண மரபிலேயே உள்ளன என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். தொல்காப்பியம் கூறும் திரிசொல் வகைப்பாடு, தொழில் முதனிலைகள் எட்டு, செயப்படுபொருளைச் செய்தது போலக் கூறும் வழக்கு ஆகிய மூன்றும் இங்குக் கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன. இறுதியில் வகுப்பறைக்குரிய ஒரு பாட அமைப்பு முன்வைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சில்லறை வணிகம், செய்திமொழி, சொற்கற்றல், கடன்சொல், திரிசொல், தொழில் முதனிலை, வினைமுதல்.

1. முன்னுரை

கல்லூரிக் கல்வியை முடிக்கும் தமிழ் இளைஞர் பலர் தம் முதற்பணியைத் துணிக்கடை, நகைக்கடை, பல்பொருள் அங்காடி, இணையவழி விற்பனைக் கிடங்கு போன்ற இடங்களில் தொடங்குகின்றனர். நேர்காணலிலும் பணியிடத்திலும் அவர்கள் எதிர்கொள்ளும் ஆங்கிலம் வணிக ஆங்கிலமே. அன்றாடப் பேச்சுத் தமிழில் 'சேல்', 'ஆஃபர்', 'ஸ்டாக்', 'பில்', 'ரேட்', 'ஷோரூம்' முதலான சொற்கள் இயல்பாகக் கலந்திருப்பதால், இத்துறை தமக்குத் தெரிந்ததே என்னும் எண்ணமும் அவர்களிடம் உண்டு. எனினும் ஆங்கில நாளிதழின் வணிகப் பக்கத்தைப் படிக்கப் புகும்போது, தெரியாத சொற்களைக் காட்டிலும் தெரிந்த சொற்களே பொருளுணர்வுக்குத் தடையாக நிற்கின்றன.

இத்தடையின் இயல்பை ஆராய்வதும், அதனைக் கடக்கும் வழியைத் தமிழ் இலக்கண அறிவின் துணையுடன் வகுப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். பிரித்தானிய, அமெரிக்க, இந்திய ஆங்கிலச் செய்திகளில் பரவலாக வழங்கும் சில்லறை வணிகச் சொற்கள் ஆய்வுப் பரப்பாக அமைகின்றன. ஆங்கிலச் சொற்கள் தமிழ் ஒலிபெயர்ப்பில் ஒற்றை மேற்கோள் குறிக்குள் தரப்படுகின்றன. எடுத்துக்காட்டாக வரும் தலைப்புத் தொடர்கள் செய்தி நடையை ஒட்டிக் கட்டுரையாளரால் அமைக்கப்பட்டவை. எந்த நாளிதழிலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல.

2. பட்டியலும் செய்தியும்

ஆங்கிலம் கற்பிப்போரிடையே நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்த பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியலை மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்டார். அது ஏறத்தாழ 2,000 தலைச்சொற்களைக் கொண்டது. ஆங்கில நாளிதழைத் துணையின்றிப் படித்தறிய 8,000 முதல் 9,000 வரையிலான சொற்குடும்பங்கள் தேவைப்படும் எனப் பால் நேஷன் 2006இல் கணித்தார். ஒரு பனுவலின் சொற்களுள் 98 விழுக்காட்டை வாசகர் அறிந்திருக்க வேண்டும் என்னும் அளவுகோலின் அடிப்படையில் அமைந்த கணிப்பு அது. இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள தொலைவைப் பட்டியலை மனப்பாடம் செய்து கடப்பது எளிதன்று.

இத்தொலைவைக் குறைக்கும் ஒரு வழியை ஸ்டீபன் கிராஷன் 1981இல் முன்வைத்தார். பல பொருள்களைப் பற்றிச் சிறிது சிறிதாகப் படிப்பதைவிட, ஒரே பொருளைப் பற்றித் தொடர்ந்து படிப்பது மொழி கற்பவருக்கு மிகுந்த பயன் தரும் என்பது அவர் கருத்து. இதனை 'ஒருபொருள் வாசிப்பு' எனத் தமிழில் குறிக்கலாம். ஒரு துறையின் சொற்கள் அத்துறைப் பனுவல்களில் மீண்டும் மீண்டும் வரும். முதற்பனுவலில் இடறிய சொல் நான்காம் பனுவலில் பழகிவிடும்.

செய்தி இவ்வகை வாசிப்புக்குப் பெரிதும் ஏற்றது. ஒரு வணிக நிறுவனத்தின் வீழ்ச்சியோ, விழாக்கால விற்பனையோ ஒரே நாளில் எழுதி முடிக்கப்படுவதில்லை. பல நாள்கள், சில வேளைகளில் பல திங்கள்கள் தொடர்கிறது. அத்தொடர்ச்சியில் அதே பெயர்ச்சொற்கள் வெவ்வேறு வினைகளுடன் சேர்ந்து வருகின்றன. சொல்லின் பொருளை அதனுடன் சேர்ந்து வரும் சொற்களைக் கொண்டு அறிய வேண்டும் என மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் வலியுறுத்திய கருத்து இங்கு நடைமுறையாகிறது.

3. வேர்ப்பொருள் ஒப்புமை

இத்துறையின் அடிப்படைச் சொற்கள் சில, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே கருத்தோட்டத்தில் பிறந்துள்ளன. இவ்வொப்புமையைக் காட்டித் தொடங்குவது மாணவரின் அச்சத்தைக் குறைக்கும்.

'ரீடெய்ல்' என்பது வெட்டியெடுத்த துண்டு என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. 'ஹோல்சேல்' என்பதில் முழுமை என்னும் பொருள் வெளிப்படை. தமிழில் சில்லறை, மொத்தம் என்னும் இணையும் சிறு கூறு, முழுமை என்னும் அதே எதிர்நிலையில் அமைந்துள்ளது. 'கஸ்டமர்' என்பது வழக்கம் எனப் பொருள்படும் 'கஸ்டம்' என்பதிலிருந்து பிறந்தது. வழக்கத்தைக் குறிக்கும் வாடிக்கை என்னும் சொல்லிலிருந்தே தமிழில் வாடிக்கையாளர் தோன்றினார். விலை குறைந்தது என இன்று பொருள்படும் 'சீப்' என்னும் சொல், பழைய ஆங்கிலத்தில் வணிகத்தையும் சந்தையையும் குறித்தது. இலண்டனின் 'சீப்சைடு' தெரு அப்பழம்பொருளை இன்றும் தாங்கி நிற்கிறது.

தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்ற வணிகச் சொற்களும் இங்கு நினைக்கத்தக்கவை. கீழைநாட்டுச் சிறு நாணயத்தைக் குறிக்கும் 'கேஷ்' என்னும் ஆங்கிலச் சொல் போர்த்துக்கீசிய மொழி வழியாகச் சென்ற காசு என்னும் சொல்லே. ரொக்கத்தைக் குறிக்கும் மற்றொரு 'கேஷ்', பெட்டி எனப் பொருள்படும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழி வந்தது. வடிவம் ஒன்றாயினும் வரலாறு வேறு. ஒரே வடிவம் இரு சொற்களைத் தாங்கலாம் என்னும் இவ்வுண்மை அடுத்த பகுதிக்கு வாயிலாகிறது.

4. பலபொருள் ஒருசொல்: தெரிந்த சொல்லின் தடை

தொல்காப்பியர் எச்சவியலில் செய்யுட் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்து, திரிசொல்லை ஒரு பொருள் குறித்த பல சொல், பல பொருள் குறித்த ஒரு சொல் என இரண்டாகப் பிரிக்கிறார். செய்யுளுக்குக் கூறப்பட்ட இப்பகுப்பு, வணிகச் செய்தியின் சொற்பரப்பை வரிசைப்படுத்தவும் உதவுகிறது. முதலில், தமிழ் மாணவருக்குப் பெரிதும் இடர் தரும் பலபொருள் ஒருசொல் ஆராயப்படுகிறது.

தமிழ்ப் பேச்சில் 'ரேட்' என்பது விலை. ஆங்கில வணிகச் செய்தியில் அடைமொழியின்றி 'ரேட்' உயர்ந்தது என வந்தால் அது பெரும்பாலும் நடுவண் வங்கியின் வட்டி வீதத்தைக் குறிக்கும். கடைக்காரர் 'ஸ்டாக்' இல்லை என்றால் சரக்கு இருப்பில்லை என்று பொருள். 'ரீடெய்ல் ஸ்டாக்ஸ்' வீழ்ந்தன என்னும் செய்தி கடைகளில் சரக்குக் குறைந்ததைச் சொல்லவில்லை. சில்லறை வணிக நிறுவனங்களின் பங்கு விலை இறங்கியதைச் சொல்கிறது. அமெரிக்க வழக்கில் 'ஆன் சேல்' என்பது விலை குறைத்து விற்கப்படுவது. பிரித்தானிய வழக்கில் அது விற்பனைக்கு வந்துள்ளது என்றே பெரிதும் பொருள்படும். ஆடித் தள்ளுபடியை 'சேல்' எனவே அறிந்த தமிழ் மாணவர், புதிய புத்தகம் ஒன்று 'ஆன் சேல்' என்னும் பிரித்தானியச் செய்தியைத் தள்ளுபடிச் செய்தியாகக் கொள்ள வாய்ப்புண்டு.

'டிபார்ட்மெண்டல் ஸ்டோர்' என்னும் தொடர் இன்னும் நுட்பமானது. தமிழ்நாட்டு ஊர்களில் இப்பெயர்ப் பலகை பெரும்பாலும் வாடிக்கையாளரே எடுத்துக்கொள்ளும் மளிகைக் கடையைக் குறிக்கும். பிரித்தானிய, அமெரிக்கச் செய்திகளில் வரும் 'டிபார்ட்மெண்ட் ஸ்டோர்' ஆடை, அணிகலன், அறைகலன், நறுமணப் பொருள் எனப் பிரிவு பிரிவாக அமைந்த பெருங்கடை. 1778இல் தொடங்கிய வரலாற்றையுடைய 'டெபனம்ஸ்' தன் கடைகளை 2021 மே மாதத்தில் இறுதியாக மூடியது. அச்செய்தியைப் படிக்கும் மாணவர் மனத்தில் மளிகைக் கடையின் காட்சி எழுமானால், செய்தி கூறும் வரலாற்று இழப்பு அவருக்குப் புலப்படாது.

இவ்வகையில் மிகுந்த இடர் தரும் சொல் 'அட்மினிஸ்ட்ரேஷன்'. தமிழ் மாணவர் இதனை நிர்வாகம் எனக் கற்றிருப்பர். ஒரு கடைக்குழுமம் 'அட்மினிஸ்ட்ரேஷனுக்குள்' சென்றது எனப் பிரித்தானியச் செய்தி கூறினால், அது கடனைத் தீர்க்க இயலாத நிலையில் சட்டப்படி அமர்த்தப்பட்ட பொறுப்பாளரின் கைக்கு மாறிவிட்டது என்று பொருள். தமிழ் வழக்கில் மஞ்சள் கடிதாசு கொடுத்தல் என்பார்களே, அதற்கு அணுக்கமான நிலை அது. எனினும் கடையை மீட்கும் வாய்ப்பு இன்னும் இருக்கிறது. 'லிக்விடேஷன்' என்று செய்தி மாறும்போது அவ்வாய்ப்பு முடிந்து, சொத்துக்களை விற்றுப் பணமாக்கும் நிலை வந்துவிட்டது. அமெரிக்கச் செய்தியில் முதல் நிலைக்கு ஒப்பாக 'சாப்டர் இலெவன்' என வரும். அது திவால் சட்டத்தின் பதினொன்றாம் பிரிவைக் குறிக்கிறது. 'டாய்ஸ் ஆர் அஸ்' நிறுவனம் 2017 செப்டம்பரில் இப்பிரிவின்கீழ்ப் பாதுகாப்புக் கோரியது. 2018 மார்ச்சில் தன் அமெரிக்கக் கடைகளைக் கலைக்கப் போவதாக அறிவித்தது. இரு நிகழ்வுக்கும் தமிழில் திவால் என்னும் ஒரே சொல்லை எழுதினால், இடைப்பட்ட ஆறு திங்கள்களில் பணியாளர் கொண்டிருந்த நம்பிக்கை மொழிபெயர்ப்பில் காணாமற்போகிறது.

சொற்கள் எளியனவாக இருந்தும் தொடர் விளங்காத நிலையும் உண்டு. 'லைக் ஃபார் லைக்' விற்பனை என்பதில் விருப்பத்திற்கு இடமில்லை. கடந்த ஆண்டும் இந்த ஆண்டும் இயங்கிய அதே கடைகளின் விற்பனையை மட்டும் ஒப்பிடும் கணக்கு அது. புதிதாகத் திறந்த கடைகள் அதில் சேரா. அமெரிக்கர் இதனை 'சேம் ஸ்டோர் சேல்ஸ்' என்பர். மொத்த விற்பனை உயர்ந்தும் 'லைக் ஃபார் லைக்' விற்பனை குறைந்தது என ஒரு செய்தி கூறினால், பழைய கடைகளில் வணிகம் மந்தமாகிவிட்டது என்பதே அதன் உட்பொருள். இத்தொடரை அறியாதவர் செய்தியின் தலைகீழ்ப் பொருளைக் கொள்ள நேரும்.

5. ஒருபொருட் பல்சொல்: அளவும் இடமும்

விலையோ விற்பனையோ குறைவதைக் குறிக்க ஆங்கிலச் செய்தியில் 'டிப்', 'ஈஸ்', 'ஸ்லிப்', 'ஃபால்', 'டிராப்', 'ஸ்லைடு', 'ஸ்லம்ப்', 'டம்பிள்', 'பிளஞ்ச்' முதலான வினைகள் வழங்குகின்றன. அகராதி இவை அனைத்திற்கும் குறைதல், வீழ்தல் எனப் பொருள் தரக்கூடும். செய்தியில் இவற்றிடையே அளவு வேறுபாடு உண்டு. 'டிப்' சிறிதளவு இறங்குதல். 'ஈஸ்' மெல்லத் தணிதல். 'ஸ்லைடு' தொடர்ந்து சரிதல். 'ஸ்லம்ப்' பெரிதும் தளர்ந்து கிடத்தல். 'பிளஞ்ச்' திடீரெனப் பாதாளத்தில் வீழ்தல். தமிழிலும் இறங்கியது, தணிந்தது, சரிந்தது, படுத்துவிட்டது, அதலபாதாளத்திற்குச் சென்றது என ஒத்த வரிசை வழக்கில் உள்ளது. சொல்லுக்குச் சொல் தேடாமல் வரிசைக்கு வரிசை பொருத்துவதே பயன் தரும். செய்தியிலுள்ள விழுக்காட்டை அதன் வினையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம், செய்தியாளர் மிகைப்படுத்தியுள்ளாரா என்பதையும் காட்டிக்கொடுக்கும்.

இட வேறுபாடும் கருதத்தக்கது. பிரித்தானியரின் 'ஷாப்', 'டிராலி', 'டில்', 'கியூ', 'ஹை ஸ்ட்ரீட்' ஆகியவை அமெரிக்கரிடம் முறையே 'ஸ்டோர்', 'கார்ட்', 'கேஷ் ரிஜிஸ்டர்', 'லைன்', 'மெயின் ஸ்ட்ரீட்' எனப் பெரிதும் வழங்குகின்றன. 'ஹை ஸ்ட்ரீட்' என்பதை உயர்ந்த தெரு என்றோ நெடுஞ்சாலை என்றோ கொள்ளலாகாது. அது ஊரின் கடைத்தெரு. செய்தியில் ஆகுபெயராகிக் கடைவணிகம் முழுமையையும் குறிக்கிறது. இந்திய ஆங்கிலச் செய்தியில் 'கிரானா' எனவும், அமெரிக்கச் செய்தியில் 'மாம் அண்ட் பாப் ஸ்டோர்' எனவும் வருபவை குடும்பத்தார் நடத்தும் சிறு கடைகள். பல வணிகக் குறிப் பொருள்களை விற்கும் சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடு வரை அந்நிய நேரடி முதலீட்டை இந்திய அரசு 2012 செப்டம்பரில் அனுமதித்தபோது எழுந்த விவாதத்தில் இச்சொற்கள் இந்திய நாளிதழ்களில் நிறைந்திருந்தன. அவ்விடத்தில் தமிழ் மாணவர் காண வேண்டியது அண்ணாச்சி கடையையே.

6. உருவகமும் பெயர் வரலாறும்

வணிகச் செய்தியின் உருவகங்கள் சில தமிழுக்கு அயலானவை அல்ல. 'பிரைஸ் வார்' என்பது விலைப்போர். நோயுற்ற கடைக்குழுமம், மூச்சுவிடும் வணிகம் என்னும் உருவகங்களும் எளிதில் விளங்கும். 'டில்ஸ் ரிங்கிங்' என்பது கல்லாப்பெட்டி ஓயாது ஒலித்தல்; தமிழில் கல்லா கட்டுதல் என்போம். கடையில் ஈயோட்டுதல், போணியாகாமை என்பவற்றுக்கு நேரான ஆங்கிலத் தொடர்களைச் செய்திகளில் தேடச் செய்வது நல்ல பயிற்சியாகும்.

நிறம் சார்ந்த உருவகத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. தமிழில் கறுப்பு நாள் என்பது துக்கத்தையோ எதிர்ப்பையோ காட்டும் நாள். கறுப்புப் பணம் கணக்கில் வராதது. ஆங்கிலக் கணக்கியல் வழக்கிலோ கறுப்பு இலாபத்தையும் சிவப்பு இழப்பையும் குறிக்கின்றன. 'பிளாக் ஃபிரைடே' என்னும் பெயரில் இவ்விரு பொருளும் மோதுகின்றன. 1869 செப்டம்பர் 24 அன்று நியூயார்க்கில் தங்கச் சந்தை வீழ்ந்த நாளுக்கு இப்பெயர் வழங்கியது. பின்னர், நவம்பர் நான்காம் வியாழனன்று வரும் நன்றியறிதல் நாளுக்கு மறுநாள், ஃபிலடெல்பியா நகரில் கடைகளை நோக்கித் திரண்ட கூட்டத்தாலும் ஊர்தி நெரிசலாலும் அல்லலுற்ற காவலர் 1950களிலும் 1960களிலும் அந்நாளை இப்பெயரால் சுட்டினர். வணிகர் இப்பெயரை விரும்பவில்லை. கடைகளின் கணக்கு சிவப்பிலிருந்து கறுப்புக்கு, அஃதாவது இழப்பிலிருந்து இலாபத்துக்கு, மாறும் நாள் என்னும் விளக்கம் பிற்காலத்தில் பரவியது. அல்லலைச் சுட்டிய பெயர் ஆதாயத்தைச் சுட்டும் பெயராக மாறிய இவ்வரலாறு, ஒரு சொல்லின் பொருளை நிலைநாட்டுவதில் வணிக நலனுக்குள்ள பங்கை மாணவருக்கு உணர்த்தும்.

7. வினைமுதல் மறையும் தொடர்கள்

இதுவரை கூறியவை சொற்பொருள் சார்ந்தவை. செய்தியைக் கற்பதன் முதன்மைப் பயன் தொடர்ப்பொருளில் உள்ளது. 'பிரைசஸ் ரைஸ்', 'ஸ்டோர்ஸ் க்ளோஸ்', 'ஜாப்ஸ் கோ' என்னும் வகையில் அமையும் தலைப்புகளில் விலை தானே ஏறுகிறது. கடை தானே மூடிக்கொள்கிறது. வேலை தானே போய்விடுகிறது. ஏற்றியவர், மூடியவர், நீக்கியவர் எவரும் தொடரில் இல்லை.

இவ்வகைத் தொடர் தமிழுக்குப் புதிதன்று. செயப்படுபொருளையே செய்த வினைமுதல் போல வைத்துச் சொல்வதும் வழக்கில் உண்டு என்பதைத் தொல்காப்பியர் வினையியலில் ஏற்றுக்கொள்கிறார். கடை திறந்தது, விலை கூடியது என நாமும் சொல்கிறோம். இது பிழையன்று, வழக்கு. ஆயினும் அவ்வாறு கூறும்போது மறைந்து நிற்கும் வினைமுதலை வருவித்து உணர வேண்டும் என்னும் விழிப்பைத் தமிழ் இலக்கணம் கற்றவரிடம் எதிர்பார்க்கலாம்.

பணியாளர் தொடர்பான சொற்களில் இது தெளிவாகப் புலப்படுகிறது. பிரித்தானியச் செய்தியின் 'ரிடண்டன்சி' என்னும் சொல் பொங்கி வழிதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. பணியை இழப்பவர் தேவைக்கு மிகுந்து வழிபவராக அச்சொல்லில் காட்டப்படுகிறார். 'ஜாப் லாஸ்' என்பதைப் பணியிழப்பு எனத் தமிழாக்கினால் இழப்பவர் மட்டுமே தோன்றுகிறார்; ஆட்குறைப்பு என்றால் குறைத்தவர் ஒருவர் இருக்கிறார் என்பது உணரப்படுகிறது; பணிநீக்கம் என்றால் நீக்கியவரின் செயல் முன்நிற்கிறது. மூன்றும் ஒரே நிகழ்வைக் குறிக்கக்கூடும். எதைத் தேர்வது என்பது அகராதி தீர்த்துவைக்கும் வினா அன்று. செய்தியைப் படித்தவரின் புரிதல் சார்ந்தது.

'ஷ்ரிங்க்ஃபிளேஷன்' என்னும் சொல்லும் இங்கு ஆராயத்தக்கது. சுருங்குதல், பணவீக்கம் என்னும் இரு சொற்களின் இணைவு இது. விலையை மாற்றாமல் பொட்டலத்தின் அளவைக் குறைப்பதை இது குறிக்கிறது. 2016இல் பிரித்தானியாவில் விற்கப்பட்ட 'டோப்ளரோன்' சாக்லேட்டின் 400 கிராம் கட்டி 360 கிராமாகவும், 170 கிராம் கட்டி 150 கிராமாகவும் குறைக்கப்பட்டன; முக்கோணங்களுக்கு இடையிலான வெளி அகன்றது. நவம்பரில் இது பெருஞ்செய்தியாயிற்று. 2023 செப்டம்பரில் பிரான்சின் 'கார்ஃபூர்' நிறுவனம், அளவு குறைந்தும் விலை குறையாத பொருள்களின் அருகே அறிவிப்பு வைத்தது. ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பொட்டலங்களின் எடை குறைந்துவருவதைக் கண்டுள்ள தமிழ் மாணவருக்கு நிகழ்வு புதிதன்று. அதைச் சுட்டும் சொல்லே புதிது. இதனைச் சுருக்கப் பணவீக்கம் எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பணவீக்கம் சுருங்கியது என்னும் எதிர்ப்பொருள் தோன்றக்கூடும். அளவுகுறைப்பு விலையேற்றம் என்பது சற்று நீண்டதாயினும், இரண்டும் ஒருவர் செய்த செயல்கள் என்பதைக் காட்டுவதால் பொருத்தமானது எனலாம்.

கடையில் நிற்பவர் எழுவாயாகும் செய்திகளும் உள்ளன. கடைப் பணியாளருக்கு இருக்கை வழங்குவதைக் கட்டாயமாக்கும் வகையில் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, 2021ஆம் ஆண்டு திருத்தப்பட்டது. கேரளம் இதனை 2018இலேயே செய்திருந்தது. 'ரைட் டு சிட்' என ஆங்கில இதழ்கள் இதனைக் குறித்தன. மூன்றும் தொடக்க வகுப்பு மாணவரும் அறிந்த எளிய சொற்கள். அவை இணைந்து சுட்டும் பொருளோ, நாள் முழுதும் நின்றே விற்பனை செய்யும் பணியாளரின் வாழ்க்கையை அறிந்தவருக்கே முழுமையாக விளங்கும். கடைத்தெரு வாழ்வை அறிந்த தமிழ் மாணவர் இத்தொடரைப் பிறரினும் விரைவாக உணர்வார். வாழ்வறிவும் சொற்கற்றலுக்கு முதல் என்பதற்கு இது சான்று.

8. வகுப்பறைக்குரிய பாட அமைப்பு

தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் ஒரு தொழில் நிகழ்வதற்குரிய முதனிலைகளை எட்டாகக் கூறுகிறார். வினை, செய்பவர், செயப்படுபொருள், இடம், காலம், கருவி, யாருக்காக, என்ன பயன் என அவற்றை இன்றைய தமிழில் சொல்லலாம். எட்டும் எல்லாத் தொடரிலும் வாரா, வழக்கில் சில குறையும் என்பதையும் அவரே குறிப்பிடுகிறார். செய்தியைக் கற்பவருக்கு இவ்வெட்டும் எட்டு வினாக்களாகின்றன. குறைந்து நிற்பது எது என்று காண்பதே பாடத்தின் மையம்.

பாடத்திற்கு 'பி.எச்.எஸ்.' என்னும் பிரித்தானியக் கடைக்குழுமத்தின் வீழ்ச்சியை எடுத்துக்கொள்ளலாம். 1928இல் தொடங்கிய இந்நிறுவனத்தை அதன் உரிமையாளர் ஃபிலிப் கிரீன் 2015 மார்ச்சில் ஒரு பவுண்டுக்கு விற்றார். 2016 ஏப்ரலில் நிறுவனம் 'அட்மினிஸ்ட்ரேஷனுக்கு' உள்ளானது. வாங்குவோர் கிடைக்காமையால் கடைகளை மூடும் முடிவு ஜூனில் அறிவிக்கப்பட்டது. ஆகஸ்ட் 28 அன்று இறுதிக் கடைகள் மூடப்பட்டன. ஏறத்தாழ 11,000 பேரின் பணி இதனால் பாதிக்கப்பட்டது. ஓய்வூதிய நிதியில் 571 மில்லியன் பவுண்டு பற்றாக்குறை இருந்தது. கிரீன் 2017 பிப்ரவரியில் 363 மில்லியன் பவுண்டு வரை வழங்க உடன்பட்டார். தொடக்கம், நடு, முடிவு கொண்ட இத்தொடர்செய்தி ஒருபொருள் வாசிப்புக்கு ஏற்றது.

முதல் அமர்வில், இந்நிகழ்வு பற்றி வெவ்வேறு திங்கள்களில் வந்த நான்கு செய்திகளைக் கால வரிசையில் படித்தல். அகராதியைப் பார்க்காமல், மீண்டும் மீண்டும் வரும் சொற்களை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் அமர்வில், குறித்த சொற்களைப் பலபொருள் ஒருசொல், ஒருபொருட் பல்சொல் எனப் பிரித்தல். தமிழ்ப் பேச்சில் வழங்கும் கடன்சொற்களாயின், அங்குள்ள பொருளையும் செய்தியிலுள்ள பொருளையும் எதிரெதிரே எழுத வேண்டும். சொல்லைத் தனியே எழுதாமல் அதனுடன் வந்த வினையையும் சேர்த்து எழுதுவது இன்றியமையாதது.

மூன்றாம் அமர்வில், எட்டு வினாக்களைத் தொடுத்தல். 'ஜாப்ஸ் அட் ரிஸ்க்' என்னும் தலைப்பை எடுத்துக்கொண்டால் அதில் வினையே இல்லை. ஆகவே செய்பவரும் இல்லை. யாருடைய எந்த முடிவால் எவருக்கு இடர் என்பதை மாணவர் செய்தியின் உடற்பகுதியில் தேட வேண்டும். அங்கும் கிடைக்காதாயின் அதனையும் பதிவுசெய்ய வேண்டும். கடை விற்கப்பட்டபோது யாருக்கு என்ன பயன் என்னும் இறுதி இரு வினாக்கள், 'பென்ஷன் டெஃபிசிட்' போன்ற தொடர்களைத் தாமே வெளிக்கொணரும்.

நான்காம் அமர்வில், அதே நிகழ்வை இருமுறை எழுதுதல்: ஆங்கிலத்தில் நிறுவன அறிக்கையாக ஒருமுறை, தமிழில் பணியாளர் நோக்கில் செய்தியாக ஒருமுறை. மூடின, மூடப்பட்டன, மூடினர் என்னும் மூன்று வடிவங்களுள் எதனை எங்குத் தேர்ந்தார் என்பதற்கு மாணவர் காரணம் கூற வேண்டும். சொற்களின் எண்ணிக்கையைக் கொண்டன்றி, இக்காரணத்தைக் கொண்டே மதிப்பீடு அமைதல் நன்று.

9. முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் கருத்துகள் பின்வருமாறு தொகுக்கப்படுகின்றன.

ஆங்கிலச் சில்லறை வணிகச் செய்தியில் தமிழ் மாணவர் இடறுவதற்குத் தமிழில் வேறு பொருளுடன் வழங்கும் கடன்சொற்கள் ஒரு முதன்மைக் காரணம். ஆகவே இத்துறைக்கான கலைச்சொல் தொகுப்புகள், தமிழ் வழக்கிலுள்ள கடன்சொற்பொருளையும் தனியே பதிவு செய்ய வேண்டும்.

ஒரே நிகழ்வைத் தொடரும் செய்திகளைப் படிப்பது, சொற்களை அவற்றின் வினைகளோடும் அளவு வேறுபாடுகளோடும் மனத்தில் நிறுத்துகிறது. பட்டியலால் இதனைச் செய்ய இயலாது.

வினைமுதலை மறைக்கும் தொடர்களை இனங்காணத் தமிழ் இலக்கண மரபு தெளிவான கருவிகளைத் தருகிறது. ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்பில் தமிழ் இலக்கணத்திற்கு இடமில்லை என்னும் கருத்து மறுபரிசீலனைக்கு உரியது. தமிழ்த்துறையும் ஆங்கிலத்துறையும் இணைந்து இப்பாடத்தை நடத்துவது இரு துறைகளுக்கும் பயன் தரும்.

கடைத்தெருவில் பணிபுரியப் போகும் மாணவருக்கு விலைச்சீட்டைப் படிக்கும் ஆங்கிலம் மட்டும் போதாது. தம் தொழிலைப் பற்றிய செய்தியில் தாம் எந்தச் சொல்லால் குறிக்கப்படுகிறோம், தமக்கு நேர்வதைச் செய்தவர் எங்கே நிற்கிறார் என்பதைப் படித்தறியும் ஆங்கிலமும் அவருக்குத் தேவை. அதனைக் கற்பிக்கும் பொறுப்பில் தமிழாசிரியருக்கும் பங்குண்டு.